ஒரே பெட்டியை எத்தனை தரம் எழுப்பினீர்கள்?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அந்த நீள மேசையில் இருந்து எழும்பிப் போன ஒருவன் எழுதுவது.

உங்களில் ஒருத்தி என் மகள் நஸ்ரின். போன கிழமை வீட்டுக்கு வந்தவள், "வாப்பா, நீங்க வேலையில பிழை விட்ட கதை ஒண்ட எழுதித் தாங்க. சரியாச் செஞ்ச கதைய எல்லாரும் சொல்லி முடிச்சிட்டாங்க" என்றாள். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். ரேடியோ திருத்தும் கடையில் தொழில் பழகி இந்த வேலைக்கு வந்தவன். சோல்டர் பிடித்த கைக்குப் பேனா பாரம். ஆனால் பிழை விட்ட கதை என்றால் என்னிடம் தாராளமாக இருக்கிறது. அதில் பெரியதைத் தருகிறேன். சிரித்துவிட்டுப் போகாமல் கொஞ்சம் யோசித்தும் பாருங்கள்.

உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. கதை விளங்க ஒரு விஷயம் மட்டும் வேண்டும். ஒரே தாச்சியில், ஒரே மாவில் சுட்ட அப்பத்துக்கும் ஓரம் ஒன்றுபோல வராது இல்லையா? சிப்பும் அப்படித்தான். கரண்ட் கொடுத்த அந்தக் கணத்தில், யாரும் எதுவும் எழுதுவதற்கு முன்னால், அதற்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான நினைவுக் குழிகள் ஒவ்வொன்றும் தானாகவே பூச்சியத்தின் பக்கமோ ஒன்றின் பக்கமோ சாயும். எந்தக் குழி எந்தப் பக்கம் சாயும் என்பது அது பிறக்கும்போதே அமைந்துவிடுகிறது. செய்த தொழிற்சாலையே நினைத்தாலும் அதேபோல இன்னொன்று செய்ய முடியாது. அதற்குப் புத்தகத்தில் நீண்ட பெயர் உண்டு. நாங்கள் பிறவிக்குறி என்போம். அந்தக் குறியை வைத்துச் சிப் தன் இரகசியச் சாவியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அணைத்தால் சாவியும் இல்லை. களவெடுக்க உள்ளே ஒன்றும் இருக்காது.

ஆனால் எல்லாக் குழியும் உறுதியானவை அல்ல. சில குழிகள் இன்றைக்கு இந்தப் பக்கம் சாயும், நாளைக்கு அந்தப் பக்கம் சாயும். தடுமாறும் குழிகள். அடையாளத்துக்கு அவை தொந்தரவு, தள்ளிவிடுவோம். அதே நேரம், யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத ஓர் எண் வேண்டும் என்றால் அந்தத் தடுமாற்றத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும். இவ்வளவுதான். இனி கதை.

யுத்தம் முடிந்து சில வருடங்கள். கடலுக்குப் போக இருந்த கெடுபிடிகள் எடுபட்டு, கற்பிட்டிப் பக்கம், குறிஞ்சிப்பிட்டிக்கு அங்காலே ஒரு கரையில் கரைவலைகள் கூடிப் போயின. கரையின் பெயரைப் போடவில்லை, காரணம் போகப் போக விளங்கும். கரைவலை என்பது தோணியில் கொண்டுபோய்க் கடலை வளைத்துப் போட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கரைக்கு இழுக்கும் பெரிய வலை. ஒரு கரையில் ஒரே நேரத்தில் ஒரு வலைதான் இறங்க முடியும். விடியலில் முதலாவதாக இறங்கும் வலைக்கு மீன். கடைசியாக இறங்குகிறவருக்கு வெயிலும் காற்றும் பாசியும். அந்தக் கரையில் ஒன்பது வலை இருந்தது. முஸ்லிம் ஆட்களுடையதும் இருந்தது, தமிழ் ஆட்களுடையதும் இருந்தது. வெள்ளிக்கிழமை யாருடைய வலையும் இறங்காது. ஜும்மாத் தொழுகை முடிந்து எல்லாரும் கரையோர ஓலைக் கொட்டிலான வாடியில் கூடி, வருகிற கிழமைக்கு யார் முதல், யார் கடைசி என்று சீட்டுப் போடுவார்கள். அந்தச் சீட்டில் ஒவ்வொரு கிழமையும் சண்டை.

அந்தச் சண்டையை நிறுத்தத்தான், சிப் வைத்துக் கருவி செய்யும் எங்கள் கொம்பனியிடம் ஒரு பெட்டி கேட்டார்கள். இப்படிப் பத்துக் கரைக்குப் பத்துப் பெட்டி. முறைப்பெட்டி என்று பெயர் வைத்தோம். ஒரேயொரு பொத்தான். அமத்தினால் ஒன்று முதல் ஒன்பது வரையான வலை எண்களைக் கலக்கி, ஒரு துண்டில் ஒழுங்காக அச்சடித்துத் தரும். துண்டின் அடியில் பெட்டியின் பிறவிக்குறியில் இருந்து வந்த ஓர் அடையாள வரி இருக்கும். எங்கள் கம்பியூட்டரில் அந்த வரியைப் போட்டால், துண்டு உண்மையில் அந்தப் பெட்டியில் இருந்து வந்ததா, யாராவது கள்ளத் துண்டு அடித்தார்களா என்று சொல்லிவிடும். நல்ல பெட்டி. இப்போதும் சொல்கிறேன், நல்ல பெட்டி. அதைக் கெடுத்தது நான்.

எங்களுக்கு அப்போது ஓர் இளம் என்ஜினியர் இருந்தார். சிங்களப் பிள்ளை, சிலாபத்துக்காரி, எங்களோடு வேலை செய்து செய்து தமிழ் பேசப் பழகியவர். என்னை விட இருபது வயது இளமை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் மிஸ் என்றே எழுதுகிறேன். எனக்கு இந்தத் தொழிலில் ஆசான் என்று ஒருவர் உண்டென்றால் அது அந்தப் பிள்ளைதான். மிஸ் என்னிடம் தந்த வேலை இது. ஒவ்வொரு பெட்டியையும் அணைத்து, ஆறவிட்டு, எழுப்பி, மறுபடி அணைத்து, நூற்றுக்கணக்கான தரம் பார்த்து, எந்தக் குழிகள் தடுமாறுகின்றன என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். உடனே எழுப்பினால் பழைய நினைவு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நிமிடமாவது ஆறவேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரு முழு நாள் போகும்.

கரைவலைக் காலம் தொடங்கப் போகிறது. கொம்பனி முதலாளி தினமும் வந்து நிற்கிறார். பத்துப் பெட்டிக்குப் பத்து நாள் எங்கே இருக்கிறது? அடையாளத்துக்காக மிஸ் முன்னமே எடுத்து வைத்த உறுதியான குழிகளின் பட்டியல் என் கையில் இருந்தது. கேட்ட பட்டியலுக்குப் பதிலாக அதையே போட்டுப் பார்த்தேன். பத்துப் பெட்டியையும் வரிசையாக வைத்து எழுப்பி அமத்தினேன். பத்துத் துண்டு வந்தது. பத்தும் பத்து விதம். ஒரு பெட்டியை மட்டும் எடுத்துத் தொடர்ந்து அமத்தினேன், ஒவ்வொரு தரமும் வேறு வேறு. இதை விட என்ன வேண்டும்? படித்த ஆட்களுக்கு எல்லாவற்றிலும் ஒரு மேலதிகக் கவனம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டு, பத்தையும் மூடி முத்திரை வைத்துவிட்டேன்.

பிழை எங்கே என்று இதற்குள் நஸ்ரின் கண்டுபிடித்திருப்பாள். மற்றவர்கள் பொறுங்கள்.

பெட்டி கரைக்குப் போனது. கரைவலைக்காரர் சங்கத்தின் செயலாளர் ஹனீபா நானாவின் பொறுப்பில் விட்டேன்; நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். அறுபது தாண்டியவர், நீண்ட காலமாகச் செயலாளர். சங்கத்து அலுமாரியின் சாவிக் கொத்து எப்போதும் அவர் சாரத்து மடியில் இருக்கும். வெள்ளிக்கிழமை பெட்டியை எடுப்பார், எழுப்புவார், ஒரு தரம் அமத்துவார், துண்டை வாசிப்பார், அணைத்து அலுமாரியில் வைத்துப் பூட்டுவார்.

முதல் வெள்ளிக்கிழமை நாலாம் எண் முதலாவதாக விழுந்தது. அது ஹனீபா நானாவின் தங்கை புருஷன் ரசாக்கின் வலை. கடைசியாக ஏழாம் எண். அது பாக்கியம் அக்காவின் வலை. உடப்பு என்ற தமிழ் ஊரில் பிறந்து இந்தக் கரையில் வாழ்க்கைப்பட்டவர். புருஷன் இறந்த பிறகு இருபது ஆட்களை வைத்து வலையைத் தானே நடத்துகிறவர். அவரைப் பார்த்தால் கடலே கொஞ்சம் ஒதுங்கி நிற்கும் என்று கரையில் பகிடி சொல்வார்கள். அந்தக் கிழமை அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சீட்டென்றால் யாராவது கடைசியாகத்தான் வரவேண்டும்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை. நாலாம் எண் முதல். ஏழாம் எண் கடைசி. நடுவில் உள்ள ஏழு எண்களும் போன கிழமை இருந்த அதே ஒழுங்கில்.

வாடி கொதித்தது. போன கிழமைத் துண்டைத்தான் வாசிக்கிறார் என்றார்கள். ஹனீபா நானா பதறிப்போய், "இல்ல, இந்தா பாருங்க, புதுத் துண்டு" என்று எல்லார் முன்னாலும் இன்னொரு தரம் அமத்திக் காட்டினார். இந்த முறை ஒழுங்கு முழுக்க மாறி வந்தது. அதோடு கதை முடிந்தது. தாங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் மாறுகிறது, அப்படியென்றால் முன்னமே தனியாக இருந்து மச்சான் முதலாவதாக வரும்வரை அமத்தி அமத்திப் பார்த்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாக்கியம் அக்கா அந்த இரண்டாவது துண்டைப் பிடுங்கித் தன் மணிப்பேர்சுக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு மாலை எனக்குத் தொலைபேசி வந்தது. சங்கத் தலைவர். கைத்தொழில்காரனை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். "பாஸ், துண்டு ஒண்டு படம் எடுத்து அனுப்பியிருக்கன். இது உங்கட பெட்டியில வந்ததுதானா, ஆராவது கள்ளத்தனமா அடிச்சதா எண்டு பாத்துச் சொல்லுங்க."

அடையாள வரியைப் போட்டுப் பார்த்தேன். பொருந்தியது. எனக்கு என்ன பெருமை! "ஓம், சந்தேகமே வேணாம். எங்கட பெட்டிதான். ஆள் பொய் சொல்லலாம், பெட்டி பொய் சொல்லாது" என்றேன். தலைவர் தொலைபேசியை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் பெரிய இரைச்சல் கேட்டது. சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் ஹனீபா நானா தொலைபேசியில் எடுத்தார். குரலே அவருடையதாக இல்லை.

"தம்பி, நேத்து நீங்க சொன்னது சரிதானா?"

"என்ன நானா சொன்ன?"

"பெட்டி பொய் சொல்லாது எண்டு. அப்ப நான்தானே பொய். நான் ஒருக்காத்தான் அமத்தின தம்பி. ரெண்டு வெள்ளிக்கிழமையும் ஒருக்காத்தான். அல்லாஹ்வுக்குத் தெரியும்."

என்ன நடந்ததென்று அப்போதுதான் கேட்டு அறிந்தேன். அவர் சொன்னார்: "இண்டைக்கு லுஹர் தொழுகைக்குப் பொறகு கூட்டம் வச்சிரிக்கிறாங்க. முடிவு வாறவரைக்கும் ஒரு வலையும் இறங்காது. நான் சாவியக் குடுத்திட்டு வந்திருவன். சாவி பெரிசில்ல. நாளைக்குப் பள்ளிக்கு எந்த முகத்தோட போற? தமிழ் ஆக்கள்ட்ட, அந்தப் புள்ள பாக்கியத்துக்கிட்ட, எப்பிடி முழிக்கிற? யுத்தம் நடக்கக்குள்ள கூட இந்தக் கரையில எங்களுக்குள்ள இப்பிடி ஒரு கதை வரல்ல தம்பி."

வைத்துவிட்டார். நான் மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே என் மனதில் ஹனீபா நானாதான் பிழை. கிழவன் மச்சானுக்காக ஆசைப்பட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மிஸ் முழுவதையும் கேட்டார். தின்றுகொண்டிருந்த பாண் துண்டை மேசையில் வைத்தார். ஒரு கேள்விதான் கேட்டார்.

"அங்கிள், ஒரே பெட்டிய எத்தனை தரம் எழுப்பிப் பார்த்தீங்க?"

நான் வாய் திறந்தேன். பத்துப் பெட்டி என்று சொல்ல வந்தேன். அப்போதுதான் கணக்கு உறைத்தது. பத்துப் பெட்டியை ஒவ்வொரு தரம் எழுப்பினேன். ஒரு பெட்டியைப் பத்துத் தரம் எழுப்பவில்லை.

விளங்குகிறதா பிள்ளைகளே? ஒரு பெட்டி மற்றப் பெட்டியைப் போல இல்லை என்று பார்த்தேன். அந்தப் பெட்டி நேற்று இருந்ததைப் போல இன்றைக்கும் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. உறுதியான குழிகளைக் கொடுத்தால் பெட்டி தன் பிறவிக்குறியைத்தான் சீட்டு என்று சொல்லும். எழும்பும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருந்து தொடங்கும். எழுப்பிவிட்டு அணைக்காமல் தொடர்ந்து அமத்தினால் மட்டும்தான் மாறிக்கொண்டு போகும். நான் சோதித்ததும் அப்படி. ஹனீபா நானா எல்லார் முன்னாலும் இரண்டாம் தரம் அமத்தியதும் அப்படி.

பத்துக்கும் மேலதிகமாகக் கையிருப்பில் இருந்த ஒரு பெட்டியை எடுத்து, அதற்கும் உறுதியான குழிகளையே கொடுத்து, அணைத்து, ஆறவிட்டு, எழுப்பி அமத்தினேன். பத்துத் தரம். பத்துத் துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒரே துண்டு மாதிரி இருந்தது. மிஸ் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை ஏசவில்லை. "பட்டியல நானும் பாத்திருக்கணும் அங்கிள். பாதிப் பிழை எனக்கு. நானும் வாறன்" என்றார்.

"வேணாம் மிஸ். பெட்டிய மூடினது நான். பெட்டி பொய் சொல்லாது எண்டதும் நான். நீங்க மத்த ஒம்பது கரைக்கும் போன் எடுத்து நிப்பாட்டச் சொல்லுங்க."

கரைக்குப் போக வான் வண்டியில் ஏறியபோது முதலாளி தொலைபேசியில் எடுத்தார். செய்தி அவருக்குப் போய்விட்டது. "பாஸ், உப்புக் காத்து உள்ள போயிட்டு எண்டு சொல்லுங்க. வேற பெட்டி ஒண்ட வச்சிட்டு வாங்க. கரையோரத்துல ஆரு அத நம்பாம விடுற?" என்றார். கெட்ட மனிதர் அல்ல. முப்பது பேருக்குச் சம்பளம் போட வேண்டிய மனிதர். நான், "சரி, போய்ப் பாக்கிறன்" என்று மட்டும் சொன்னேன்.

பாலாவி தாண்டிக் கற்பிட்டி வீதியில் திரும்பும்வரை அந்த உப்புக் காற்றுக் கதை என்னை இழுத்துக்கொண்டேதான் வந்தது. எவ்வளவு சுகமான பொய். எனக்கும் வேலை தப்பும், கொம்பனிக்கும் பெயர் தப்பும், ஹனீபா நானாவும் ஏறக்குறையத் தப்புவார். ஏறக்குறைய. உப்புப் பிடித்த பெட்டி எப்படி ஒன்பது எண்ணையும் இரண்டு கிழமையும் அதே இடத்தில் வைக்கும் என்று யாராவது கேட்டால் பொய் அங்கேயே உடையும். கேட்காமல் விட்டாலும் அந்தக் கேள்வி அந்த மனிதருக்குப் பின்னால் சாகும்வரை நடக்கும்.

வாடிக்குள் நான் நுழைந்தபோது கூட்டம் தொடங்கியிருந்தது. முன்னால் ஒரு மேசை. அதன்மேல் சங்கத்துப் பதிவுப் புத்தகம், முத்திரை, சாவிக் கொத்து. ஹனீபா நானா கதிரையில் உட்காராமல் பக்கத்தில் நின்றார். வலைக்காரர் எல்லாரும் மணலில்.

நான் சலாம் சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. "பிழை செயலாளர்ட இல்ல. பெட்டியில. பெட்டியில பிழை விட்டது நான்" என்றேன். கடலில் போகிற ஆட்களுக்கு விளங்கும்படி, குழிகள் சாய்கிற கதையைச் சொல்லிப் பார்த்தேன்.

பின்னால் இருந்து ஒருவர், "நேத்து பெட்டி பொய் சொல்லாது எண்டார். இண்டைக்குப் பெட்டிதான் பொய்யாம். நாளைக்குக் கடல்தான் பொய் எண்டுவார்" என்றார். சிரித்தார்கள்.

பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை. "பாஸ் எந்த ஊரு?"

"கனமூலை, அக்கா."

"அப்ப செயலாளர் நானாவுக்காக நீங்க கதைக்காம வேற ஆரு கதைப்பா?"

கனமூலை முஸ்லிம்களின் ஊர். அந்தச் சொல் எங்கே போய் விழும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. சொன்ன அவருக்கும் தெரிந்தது. என் காது சூடாகிவிட்டது. கோபத்தில் இரண்டு வார்த்தை சொல்ல வந்தது. மிஸ் ஏசாமல் நின்றது நினைவுக்கு வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"சரி அக்கா. என்ட கதைய நம்ப வேணாம். நான் பெட்டியத் தொடவும் மாட்டன். நீங்க வந்து எழுப்புங்க. நீங்களே அமத்துங்க."

எழும்பி வந்தார். தலைவர் அலுமாரியில் இருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தார். எழுப்பினார், அமத்தினார். துண்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். "நாலு..." என்று தொடங்கி ஒவ்வொன்றாகப் போய், "ஏழு" என்று முடித்தார். நேற்று முதலில் வந்த துண்டைத் தலைவர் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஒன்றுதான்.

"இப்ப அணைங்க. ஒரு வெத்திலை போடுற நேரம் விடுங்க. மறுபடி எழுப்புங்க."

அவர் உண்மையிலேயே வெற்றிலை மடித்து வாயில் போட்டார். எல்லாரும் அவர் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியொரு மெல்லலை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. எழுப்பினார். அமத்தினார். நாலு முதல், ஏழு கடைசி. மூன்றாம் தரமும் அதே.

"என்ட கையாலயே என்னக் கடைசியில போட வச்சிட்டீங்களே பாஸ்" என்றார். இப்போது கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் விடவில்லை. "அப்ப நேத்து அவர் திரும்ப அமத்தக்குள்ள மாறினது என்ன?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன், பயந்துகொண்டும் இருந்தேன். "இப்ப அணைக்காம இன்னொருக்கா அமத்துங்க அக்கா. உங்கட பேர்சில ஒரு துண்டு இரிக்காம். அத எடுத்துப் பக்கத்துல வைங்க."

அமத்தினார். துண்டு வந்தது. மணிப்பேர்சைத் திறந்து நேற்றுப் பிடுங்கிய துண்டை எடுத்தார். இரண்டையும் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். துண்டுகள் கைமாறி மணலில் வட்டமாகச் சுற்றி வந்தன. எண்ணுக்கு எண் ஒன்று. நேற்று ஹனீபா நானா எழுப்பிய பிறகு அந்த வாடியில் இரண்டு தரம்தான் அமத்தியிருக்கிறார். முன்னால் ஒரு தரம், எல்லாரும் கேட்டபோது ஒரு தரம். அதற்கு மேல் அமத்தியிருந்தால் அவருடைய துண்டு இப்படி வந்திருக்காது.

ரசாக் அப்போதுதான் வாய் திறந்தார். "ஒரு கிழமையா மீன் எனக்கு, பேச்சு மச்சானுக்கு. நல்ல பெட்டிதான்."

பிறகு நடந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாளி ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வேலையில் இருந்து நிறுத்தவும் இல்லை. மிஸ்ஸும் நானும் பத்துப் பெட்டியையும் திருப்பி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் கொடுத்துப் பட்டியல் எடுத்தோம். வெயிலில் வைத்தும் எடுத்தோம், ஐஸ் பெட்டிக்குள் வைத்தும் எடுத்தோம். மற்ற ஒன்பது கரைக்கும் நானே போய் நடந்ததைச் சொன்னேன். ஓரிடத்தில் ஏசினார்கள், ஓரிடத்தில் நெத்தலிக் கருவாடு தந்து விட்டார்கள்.

உங்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான். அடையாள வரி பொருந்தினால், பொருள் எங்களுடையது என்று மட்டும்தான் அர்த்தம். அந்தப் பொருள் சரியாக வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. நான் அன்றைக்கு அந்த இரண்டையும் ஒன்றாக நினைத்தேன். உங்கள் மேசைக்கும் அப்படி ஒரு தொலைபேசி வரும். அப்போது பெட்டியின் பக்கம் நிற்கத்தான் உங்களுக்கு முதலில் மனம் வரும், ஏனென்றால் அது நீங்கள் செய்தது. பொறுங்கள். அந்தப் பக்கத்தில் நிற்கிற மனிதர் என்ன செய்தார், எந்த ஒழுங்கில் செய்தார் என்று கேளுங்கள். ஹனீபா நானாவிடம் அதை ஒரு தரம் கேட்டிருந்தால், தான் எழுப்பியதையும் அணைத்ததையும் அவரே சொல்லியிருப்பார்.

இனி அந்தப் பகல். துண்டுகள் சுற்றி வந்த பிறகும் ஹனீபா நானா அதே இடத்தில்தான் நின்றார். பாக்கியம் அக்கா அவரைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"செயலாளர் நானா, அந்தச் சாவியத் தூக்கி மடியில வைங்க. இந்தக் காத்துக்குப் பறந்துரும்."

"வேணாம் பாக்கியம். ஒரு கதை வந்திட்டு. இனி வேற ஆளப் பாருங்க."

 தலைவர் தொண்டையைச் செருமி, நாளை விடியலில் வலை இறங்க வேண்டும் என்றால் இப்போது ஒழுங்கு வேண்டும் என்றார். நல்ல பெட்டி ஒன்றும் என்னிடம் இல்லை என்று சொன்னேன். பாக்கியம் அக்கா என் பெட்டி துப்பிய துண்டு ஒன்றை எடுத்து ஒன்பதாகக் கிழித்தார். பேனை கேட்டார். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஒவ்வோர் எண் எழுதி, சுருட்டி, தோணியில் தண்ணீர் இறைக்கிற வாளிக்குள் போட்டுக் குலுக்கினார். வாளியைக் கொண்டுபோய் ஹனீபா நானாவின் முன்னால் பிடித்தார்.

"எடுங்க."

"என்ட கை வேணாம் புள்ள. தலைவர் எடுக்கட்டும்."

"தலைவர்ட கையில நாங்க ஒரு பிழையும் சொல்லல்லயே. உங்கட கையிலதானே சொன்ன. அப்ப உங்கட கைதான் வேணும்."

வாளியைப் பின்னுக்கு எடுக்காமல் அக்கா நீட்டிக்கொண்டே நின்றார். கடைசியில் ஹனீபா நானா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். கையை விரித்து எல்லாருக்கும் காட்டினார். யாரும் காட்டச் சொல்லவில்லை. வாளிக்குள் விட்டு ஒரு சீட்டை எடுத்து விரித்தார்.

விரித்தவர் வாசிக்கவில்லை. முகம் வெளுத்துப் போனது.  அதை அப்படியே பாக்கியம் அக்காவிடம் நீட்டினார்.

அவர் வாங்கிப் பார்த்தார். பிறகு வாடியின் அந்த முனை வரைக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"நாலு. ரசாக் நானாட வலை."

ரசாக் தலையில் கை வைத்துவிட்டார்.   உண்மையான சீட்டுக்கு யார் மனம் நோகும், யார் மேல் பழி வரும் என்றெல்லாம் தெரியாது பிள்ளைகளே. அது விழுகிற இடத்தில் விழும். அதை ஏற்றுக்கொள்வதா இல்லையா என்பது அந்த மணலில் இருந்தவர்களின் கையில்தான் இருந்தது.

பாக்கியம் அக்கா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார்.

"என்ன எல்லாரும் வாயப் பாத்துக்கொண்டு இரிக்கிறீங்க? எழுதுங்க, நாலு முதல். அடுத்தத எடுங்க நானா. வெயில் சாயுது."

ஹனீபா நானா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாளிக்குள் கை விட்டார். ஒவ்வொன்றாக ஒன்பதும் வெளியே வந்தன. மேசையில் இருந்த சாவிக் கொத்து எந்தச் சீட்டுக்கும் எந்தச் சீட்டுக்கும் இடையில் அவர் மடிக்குத் திரும்பிப் போனது என்று நான் கவனிக்கவில்லை.